ஒரே இடத்தில் மாற்றினால் போதும் என்றவள்

ஜபீனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அடுத்து வாய் திறக்கும். அந்த வாயை மூடவைக்கிற ஆள் பழவேற்காட்டில் இன்னும் பிறக்கவில்லை. கடைத்தெருவில் வலையும் கயிறும் விற்கிற அவளுடைய வாப்பா சஹாபுதீனே, மகள் குரலை உயர்த்தினால் கல்லாவைப் பூட்டிவிட்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவார். எம்.சி.ஏ. படித்த பெண் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி இழுக்கிற ஆலைக்கா வேலைக்குப் போவது என்று சொந்தக்காரர்கள் கூடிக்கூடிப் பேசியபோது, அவளே நடுக்கூடத்தில் வந்து நின்று கேட்டாள்: "பெங்களூருக்குப் போனா பெருமை, பக்கத்து ஊருக்குப் போனா கேவலமா? இன்னா கொறஞ்சி பூடும் உங்களுக்கு?" அதோடு பேச்சு முடிந்தது.

கோபக்காரி என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் கோபப்பட்ட ஒவ்வொரு தடவையும் நியாயம் எந்தப் பக்கம் இருந்தது என்று எவராவது நின்று பார்த்தார்களா? அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பொம்பளைப் பிள்ளை சத்தம் போட்டாள் என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் அவள் அந்த ஆலையில் சேர்ந்தாள். வருகைப் பதிவு, கேட், கேன்டீன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜாவாவில், ஸ்ட்ரட்ஸ் என்ற சட்டகத்தின் மேல், ஒரு வெப் அப்ளிகேஷனை எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னைக் கம்பெனி ஒன்று கையைத் துடைத்துக்கொண்டு போயிருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது இவள் வேலை. திறந்து பார்த்தாள். ஆளுக்கொரு பக்கமாய் எழுதியவர்கள், ஷிப்டு எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதைக்கூட ஆளுக்கொரு இடத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒருவன் மணியில் எழுதியிருந்தான், இன்னொருவன் அதையே நிமிடமாக்கி எழுதியிருந்தான். கேன்டீன் மூடும் நேரம் மாறியபோது ஒரு பக்கத்தில் மாற்றி, மற்றதை மறந்து, ராடு செக்ஷன்காரர்கள் பாதிப் பேர் சோற்று டோக்கன் கிடைக்காமல் டீயைக் குடித்துவிட்டு வேலை பார்த்த நாளெல்லாம் உண்டாம்.

"எழுதினவனுங்க யாராவது ஒருத்தன் பட்டினியா இருந்து பாத்திருந்தா தெரியும்" என்று திட்டிக்கொண்டே ஜபீன் ஒவ்வொரு பக்கமாகத் துழாவினாள். ஷிப்டு நேரம், தாமதச் சலுகை நிமிடங்கள், கேன்டீன் நேரம், மெயில் சர்வரின் முகவரி என்று சிதறிக் கிடந்த அத்தனையையும் பொறுக்கி, மாறாத மதிப்புகள் என்று ஒரே பொதுக் கோப்பில் பெயர் வைத்து அடுக்கினாள். எல்லாப் பக்கங்களும் இனி அந்தப் பெயரைத்தான் கேட்க வேண்டும், சொந்தமாய் எண் எதையும் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. அவளாகச் செய்த முதல் வேலை அது. செய்து முடித்ததும் கம்ப்யூட்டர் பிரிவின் மேலாளர் துளசிராமனிடம் போய் நின்றாள்.

"இனிமே எது மாறினாலும் ஒரே இடத்துல மாத்தினா போதும் சார். மாத்திட்டு முழுசா கம்பைல் பண்ணி ஏத்திடணும், அவ்ளோதான்."

முதல் வாக்கியம் துளசிராமனுக்கு ரொம்பவும் பிடித்துப் போயிற்று. மாதாந்தரக் கூட்டத்தில் அதைத் தன் வாக்கியமாகவே சொல்லிக் கைதட்டு வாங்கினார். இரண்டாவது வாக்கியம் அவர் காதில் ஏறவே இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்பொரு தடவை அவர் எல்லாக் கோப்புகளையும் மொத்தமாக சர்வரில் ஏற்றப் போய், சம்பளப் பட்டுவாடா புரோகிராம் படுத்துவிட்டது. ஆலை மேலாளர் எல்லார் முன்னாலும் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். அன்றிலிருந்து மனுஷன் ஒரு பழக்கத்தைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டார். மாறிய கோப்பு எதுவோ அதை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, தான் ஒருவராகவே சர்வர் அறைக்குள் போய், அதை மட்டும் வைத்துவிட்டு வருவார். சாவியை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. "ஓடிட்டு இருக்கறதை ஏம்மா நோண்டணும்?" என்பார்.

கேட்டில் யேசுதாஸ் இருந்தார். கவரைப்பேட்டைக்காரர். இந்த ஆலை நிற்கிற மண்ணில் அவருடைய அப்பா நாற்று நட்டிருக்கிறார், இவர் நெல் சுமந்திருக்கிறார். நிலம் ஆலையானதும் ஏஜென்சி மூலம் காக்கிச் சட்டையும் தொப்பியும் வாங்கிக்கொண்டு கேட்டில் வந்து நின்றவர். ஜபீன் வேலைக்குச் சேர வந்த முதல் நாள், அவள் பெயர் இன்னும் கேட்டுக்கு வரவில்லை என்று உள்ளே விடவில்லை. ஆர்டரைக் காட்டினாள், கத்தினாள், காது சிவந்தாள். அவர் அசையவில்லை. "ரூலு ரூலுதான் பாப்பா. கோச்சுக்காத" என்று சொல்லித் தன் நாற்காலியைத் தூக்கி வந்து வேப்பமரத்து நிழலில் போட்டு அவளை உட்காரவைத்தார். உள்ளே இருந்து போன் வந்த பிறகுதான் கேட் திறந்தது. அன்றைக்குத் திட்டியவள் மறுநாளே அவரை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். தொழிலாளி வாங்கிக் கொடுக்கிற டீயைக்கூடத் தொடாத மனிதர் என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாயிரத்து ஆறில் ரயில் பாதையில் வேலை நடந்தது. மீஞ்சூர், பொன்னேரியிலிருந்து இரண்டு மணி ஷிப்டுக்கு வருகிறவர்களின் மதிய ரயில் தினமும் தாமதம். வழியில் எங்கேயாவது படுத்துக்கொள்ளும். இறங்கி ஓடி வந்தாலும் சலுகை நிமிடம் பத்து தாண்டிவிடும். பத்தைத் தாண்டியவன் தன் செக்ஷனிலிருந்து அனுமதிச் சீட்டு வந்தால்தான் உள்ளே போகலாம், அதில்லாமல் விட்டால் கேட்காரர் மேல் நடவடிக்கை. தொழிலாளர்கள் கேட்டார்கள், யூனியன் பேசியது, கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. ரயில் பாதை வேலை முடிகிற வரை சலுகை இருபத்தைந்து நிமிடம்.

ஜபீன் பொதுக் கோப்பைத் திறந்தாள். பத்தை அழித்து இருபத்தைந்து போட்டாள். கேட் அறையின் திரையில் தெரிகிற அறிவிப்புப் பக்கத்திலும் புது விதியைப் பற்றி ஒரு வரி சேர்த்தாள். "முழுசா ஏத்திடுங்க சார்" என்று சொல்லிக் கொடுத்தாள். துளசிராமன் தலையாட்டிவிட்டு, மாறியவை இந்த இரண்டுதானே என்று அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வைத்தார். கேட் அறைத் திரையில் இருபத்தைந்து என்று வந்தது. யேசுதாஸ் அதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டார். அன்று முதல் ரயில்காரர்களை அந்தக் கணக்குப்படி உள்ளே விட்டார்.

மாத முடிவில், அனுமதிச் சீட்டில்லாமல் தாமதமாக உள்ளே வந்தவர்கள் என்று கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் கொடுத்தது. பெயர்கள் மட்டும்தான், நேரம் கிடையாது. அத்தனை பேரும் இரண்டு மணி ஷிப்டு, அத்தனை பேரும் யேசுதாஸ் விட்டவர்கள். பணியாளர் அதிகாரி ஜெயராஜ் அதைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, கம்ப்யூட்டர் பிரிவில் கேட்டிருக்கலாம். யேசுதாஸைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்திருக்கலாம். அதெல்லாம் ஏஜென்சி ஆளுக்கு எதற்கு? ஒரு ஷிப்டு வெளியே போக, இன்னொரு ஷிப்டு உள்ளே வர, கேட்டில் கூட்டம் நெரிகிற இரண்டு மணிக்கு நேராய் வந்து நின்றார்.

"எவ்ளோ டப்பு வாங்கினு இவனுங்களை உள்ள உட்டே? சொல்லு!"

யேசுதாஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளிறிப் போயிற்று. "இன்னா சார் பேசறீங்க? ஸ்கிரீன்ல இருபத்தஞ்சின்னு போட்டுக்கீது. அதப் பாத்துக்கினுதான் உட்டேன்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா? நீ யோக்கியன், கம்ப்யூட்டர் திருடனா? கழட்டுய்யா தொப்பிய!"

கேன்டீன் படியில் நின்று ஜபீன் அதைப் பார்த்தாள். இரண்டு ஷிப்டு ஆட்களும் பார்த்தார்கள். யேசுதாஸ் தொப்பியையும் விசிலையும் மேஜை மேல் வைத்தார். தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாய்த் தரையைப் பார்க்க, தொப்பியில்லாத தலையைக் கையால் மறைத்துக்கொண்டு ரயிலடிப் பக்கம் நடந்தார். விசாரணை முடிகிற வரை வேலை இல்லை என்று ஏஜென்சிக்கு போன் போயிற்று. குற்றம் உறுதியானால் இந்த வட்டாரத்தில் வேறு எந்தக் கேட்டிலும் அவர் நிற்க முடியாது.

ஜபீனின் காது சிவந்தது. நேரே போய் இடத்தில் உட்கார்ந்து, பட்டியலில் தாமதம் என்று வந்திருந்தவர்கள் கேட்டிலிருக்கிற மெஷினில் கார்டு தேய்த்த நேரங்களைப் பார்த்தாள். ஒருவர்கூட இருபத்தைந்தைத் தாண்டியிருக்கவில்லை. துளசிராமனிடம் ஓடினாள்.

"ஸ்கிரீன்ல இருபத்தஞ்சு காட்டுது. உன் ஃபைல்லயும் இருபத்தஞ்சு. அப்ப கார்டு மெஷின்லதான் ஏதோ தகராறு. மெஷின் யார் கையில இருக்கு? கேட்ல இருக்கறவன் கையில" என்றார் அவர், நாற்காலியில் சாய்ந்தபடி.

"அவர் நேரத்தைத் திருத்தியிருந்தா கம்ப்யூட்டர் எதுக்கு சார் லேட்டுன்னு சொல்லணும்? அந்த நேரத்தை வெச்சித்தான கணக்கே போடுது?"

மாட்டிக்கொண்ட இடத்தில் பெரியவர்கள் செய்வதை அவரும் செய்தார். கடிகாரத்தைப் பார்த்து, மீட்டிங் இருக்கிறது என்று எழுந்தார்.

மறுநாள் காலையில் ஜபீன் பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலேறி, கும்மிடிப்பூண்டிக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் கவரைப்பேட்டையில் இறங்கி, விசாரித்துக்கொண்டு யேசுதாஸின் வீட்டுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. அவர் மனைவி ஞானம்மா பாதி திறந்து, யாரென்று பார்த்துவிட்டு முழுசாய்த் திறந்தாள்.

"எழுந்துகூட வர்ல பாப்பா அவரு. குழாயடியில என்னைப் பாத்துட்டு பேச்சை நிறுத்தறாளுங்க. கோயில்ல காணிக்கைத் தட்டு எடுக்கற ஆளு அவரு. இந்த ஞாயித்துக்கெழம நான் வர்ல, வேற யாரையாச்சும் எடுக்கச் சொல்லுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. யாரும் கேக்கறதுக்கு முன்னாடி அவரே சொல்லிட்டாரு."

உள்ளேயிருந்து யேசுதாஸின் குரல் வந்தது. "பாப்பாவ வேலைக்குப் போவச் சொல்லு ஞானம். என்னால அதுக்குப் பேஜாரு வரக் கூடாது."

"பேஜாரு எனக்கு வரட்டும்ணா. வர வேண்டியவங்களுக்கும் வரட்டும்" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு ஜபீன் திரும்பினாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. தன் கம்ப்யூட்டரில் அப்ளிகேஷன் முழுவதையும் புதிதாய்க் கட்டி ஓட்டிப் பார்த்தாள். இரண்டு பதினெட்டு என்று நேரம் கொடுத்தால் தாமதம் இல்லை என்றது. சரியாகத்தான் வேலை செய்கிறது. அப்புறம் எங்கே கோளாறு? திடீரென்று துளசிராமனின் பழக்கம் நினைவுக்கு வந்தது. பழைய அப்ளிகேஷனை அப்படியே வைத்து, புதிய பொதுக் கோப்பையும் அறிவிப்புப் பக்கத்தையும் மட்டும் அவரைப் போலவே மாற்றி வைத்தாள். அதே இரண்டு பதினெட்டு. அறிவிப்பில் இருபத்தைந்து என்று காட்டிக்கொண்டே, கணக்கில் தாமதம் என்றது.

ஜாவாவில் ஓர் எண்ணை மாறாத மதிப்பு என்று சொல்லி எழுதிவிட்டால், அதைக் கேட்கிற மற்ற கோப்புகள் கம்பைல் ஆகும்போதே, அதாவது எழுதியது கம்ப்யூட்டர் ஓட்டுகிற வடிவத்துக்கு மாறும்போதே, அந்த எண்ணைத் தங்களுக்குள் பதித்துக்கொண்டுவிடும். மாறாது என்று நீங்களே சொன்ன பிறகு ஒவ்வொரு தடவையும் வந்து ஏன் கேட்க வேண்டும் என்பது அதன் நியாயம். பொதுக் கோப்பை மாற்றினால் அதைக் கேட்கிற எல்லாவற்றையும் திரும்பக் கம்பைல் பண்ண வேண்டும். அறிவிப்புப் பக்கம் மாறியதால் அது மட்டும் புதிய எண்ணை எடுத்துக்கொண்டது. தாமதக் கணக்குப் போடுகிற கோப்பு பழைய பத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. யேசுதாஸ் பார்த்தது ஒன்று, அவரைப் பிடித்துக் கொடுத்தது இன்னொன்று. எண்கள் இப்படிப் பதிந்துபோகும் என்று ஜபீனுக்கும் அதுவரை தெரியாது. தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் முழுசாய் ஏற்றச் சொன்னாளே, அதை என்ன செய்தார்கள்?

அவள் போய்ச் சொன்னதைத் துளசிராமன் கேட்டுவிட்டு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது.

"சரி, புரியுது. இன்னைக்கே முழுசா ஏத்திடறேன். நாளையிலேர்ந்து ஒழுங்காயிடும். இதை இத்தோட விட்டுடு ஜபீன்."

"யேசுதாஸண்ணா?"

"ஏஜென்சி ஆள்தானே. வேற எங்கயாவது போட்டுக்குவாங்க."

"திருடன்னு பேர் வாங்கின ஆளை எவன் சார் கேட்ல போடுவான்?"

"ஒரே இடத்துல மாத்தினா போதும்னு சொன்னது நீதானே? ஞாபகம் வெச்சுக்கோ. கிளறினா உன் பேருதான் முதல்ல வெளிய வரும்."

"சொன்னேன். முழுசா ஏத்தணும்னும் சொன்னேன். ஒரு பாதி மட்டும் உங்க காதுல உழுந்துச்சா?" ஜபீனின் குரல் சாத்திய கதவைத் தாண்டி வெளியே போயிற்று. டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். "எம்பேரு வெளிய வரட்டும் சார். நல்லா வரட்டும். ஒரு மனுசன் ஊட்டுக்குள்ள மூஞ்சிய மூடிக்கினு படுத்துக்கினு கீறாரு, உங்களுக்கு இன்னும் பேரு தேவைப்படுதா?"

சொன்னபடி துளசிராமன் அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். எதுவும் படுக்கவில்லை. இத்தனை நாளாய் இதைச் செய்ய என்ன கேடு? சர்வரில் இப்போது தப்பு என்று காட்ட ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் ஜபீனின் கம்ப்யூட்டரில் பழையதும் புதியதுமாக இரண்டு விதமும் அப்படியே இருந்தன.

விசாரணை நாளில் அவள் தன் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு ஆலை மேலாளர் ஆதிகேசவனின் அறைக்குப் போனாள். ஜெயராஜ் இருந்தார். துளசிராமன் இருந்தார். யேசுதாஸ் சாதாரணச் சட்டையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் வயர்களை மாட்டி, இரண்டு பதினெட்டை ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் கொடுத்துக் காட்டினாள். எதனால் இப்படி ஆயிற்று என்றும் சொன்னாள். பொதுக் கோப்பு தன்னுடையது என்றும், முழுசாய் ஏற்றாதது யாரென்றும் ஒளிக்காமல் சொன்னாள்.

ஆதிகேசவன் நெற்றியைத் தேய்த்தார். "டெக்னிக்கல் மிஸ்டேக். யாரையும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. யேசுதாஸ், நீங்க நாளைக்கு டியூட்டிக்கு வந்துடுங்க. விசாரணை முடிஞ்சது."

எவ்வளவு சுலபம்! திருடன் என்று சொல்லும்போது ஆள் பேர் தெரிந்தது. தப்பு தங்களுடையது என்று ஆனதும் அது யாருடையதும் இல்லாமல் போய்விட்டது. துளசிராமன் மூச்சு விட்டார். ஜெயராஜ் டீ சொல்ல மணியை அழுத்தினார். யேசுதாஸ் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"சார், என்னைத் திருடன்னு சொன்னது இந்த ரூம்புல இல்ல. கேட்ல."

"அதான் சரியாயிடுச்சே. இன்னும் இன்னாய்யா?" என்றார் ஜெயராஜ்.

"இங்க சரியாச்சி சார்" என்றாள் ஜபீன். "அன்னிக்குக் கேட்ல நின்னவங்க ஒவ்வொருத்தரும் அந்தப் பேச்சை எடுத்துக்கினு ஊட்டுக்குப் போய்ட்டாங்க. மீஞ்சூர்ல ஒண்ணு கீது, பொன்னேரியில ஒண்ணு கீது, அண்ணன் தெருவுல குழாயடியில ஒண்ணு கீது. இந்த ரூம்ல நீங்க மாத்தினதை அவங்க வந்து பாக்கப் போறாங்களா?"

யேசுதாஸ் மெதுவாகச் சொன்னார்: "சொன்னவரு சொன்ன எடத்துலயே வந்து சொல்லட்டும் சார். இல்லாங்காட்டி எனக்கு இந்த வேல வேணாம். தொப்பி அவர்கிட்டயே இருக்கட்டும்."

ஆதிகேசவன் ஜெயராஜைப் பார்த்தார். ஜெயராஜ் அதற்குள் வந்திருந்த டீயைப் பார்த்தார். வெளியே, யேசுதாஸ் நெல் சுமந்த நிலம் ஆலையாய் இரைந்துகொண்டிருந்தது. "போய்ச் சொல்லிடுங்க ஜெயராஜ்" என்றார் ஆதிகேசவன், விசாரணை ஃபைலை மூடிக்கொண்டே.

மறுநாள் இரண்டு மணி. ஒரு ஷிப்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அன்றைக்கென்று ரயிலும் நேரத்துக்கு வந்து தொலைத்திருந்ததால் உள்ளே போகிற கூட்டமும் முழுசாய் நின்றது. ஜெயராஜ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு யேசுதாஸின் பக்கத்தில் போய், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ முணுமுணுத்தார்.

யேசுதாஸ் தொப்பியை வாங்கவில்லை. "சத்தமா சொல்லுங்க சார். அன்னிக்குத் தொண்ட நல்லாத்தான இருந்துச்சி?"

கூட்டம் அப்படியே நின்றது. ஜெயராஜ் ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து யாரும் வரவில்லை. தொண்டையைச் செருமினார். "யேசுதாஸ் டப்பு வாங்கல. அவர் விட்டது சரிதான். கம்ப்யூட்டர்ல நாங்கதான் தப்பா வெச்சிருந்தோம். நான் அவரைப் பேசினதும் தப்பு."

"இங்க கேக்கல சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். கேன்டீன் படியின் மேல் ஜபீன் நின்றுகொண்டிருந்தாள்.

ஜெயராஜ் இன்னொரு முறை, இன்னும் உரக்கச் சொன்னார்.